வண்டி எந்தப் பக்கம் வரும்?

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. ஒன்று காந்தி இர்வின் சாலையில், இன்னொன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில். நடைமேடையில் நின்றபடியே ஆப்பில் ஆட்டோ போட்டால், கூரைக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறி நம்மை எந்த வாசலில் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. "மேடம், லொகேஷன்ல வந்து நிக்கிறேன், எங்க இருக்கீங்க?" என்பார் டிரைவர். நாம் மறுபக்கம் நிற்போம். பாலம் ஏறிச் சுற்றி வருவதைவிட கேன்சல் செய்வது அவருக்குச் சுலபம்.

வெளியே வந்து, வண்டி ஒதுங்க இடமுள்ள ஓரமாகப் பார்த்து நின்ற பிறகுதான் நான் புக் செய்வது வழக்கம். நீலப் புள்ளியை நம்புவதில்லை. பின்னை விரலால் நகர்த்தி ஒரு கடை வாசலிலோ பேருந்து நிறுத்தத்திலோ வைத்துவிடுவேன். போகிற திசையிலேயே நிற்பது இன்னும் நல்லது. அண்ணா சாலை மாதிரி நடுவில் தடுப்புள்ள இடங்களில் எதிர்ச்சாரியில் கண்ணெதிரே ஆட்டோ நிற்கும், ஆனால் நமக்கு வேறு வண்டி வரும். வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத்தான் ஆப் முக்கியமாகப் பார்க்கிறது. யூ டர்ன் போட்டு வர வேண்டியவர் அந்தக் கணக்கில் தூரத்தில் இருப்பவர்.

ரேட் ஏறுவதும் இடத்தைப் பொறுத்ததுதான். ஊபர் நகரத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துத் தேவையை அளக்கிறது; எச்3 என்ற அந்த மென்பொருளை 2018-ல் பொதுவிலும் வெளியிட்டது. படம் விட்ட நேரத்தில் தியேட்டர் வாசலில் காட்டும் தொகை, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இறங்கியிருக்கும். மத்திய அரசின் 2020 நெறிமுறைகள் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை ஏற்ற அனுமதித்தன. 2025-ல் அது இரண்டு மடங்கானது. தமிழக அரசு 2013-ல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. இன்றைய எரிபொருள் விலையில் அந்தக் கணக்குக்கு ஓட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

"கேஷா, ஆன்லைனா?" என்ற கேள்விக்குப் பலர் எரிந்து விழுகிறார்கள். கமிஷன் பிடிக்கும் ஆப்களில், ஆப் வழியாகக் கட்டும் பணம் நிறுவனத்துக்குப் போய், கமிஷன் கழிந்து, பிறகுதான் டிரைவர் கைக்கு வரும். அன்றைய கேஸுக்கு அவருக்குப் பணம் அன்றே வேண்டும். பெங்களூரில் 2022-ல் தொடங்கிய நம்ம யாத்ரி ஆப் கமிஷன் இல்லாமல் வந்தது. ஊபரும் ஆட்டோவுக்கு 2025-ல் சந்தா முறைக்கு மாறி, பணத்தை நேராக டிரைவரிடமே கொடுக்கச் சொல்லிவிட்டது. "ஜிபேண்ணா, உங்க நம்பருக்கே" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஓடிபி மட்டும் போனில் கேட்டால் சொல்லாதீர்கள். வண்டி எண்ணை ஒத்துப் பார்த்து, ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னால் போதும். டிரைவர் ஓடிபியைப் போட்டதுமே, நாம் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாலும் பயணம் தொடங்கிவிட்டதாகத்தான் ஆப்பில் பதிவாகும்.