வகுப்பறைக்குப் புதிதாகப் போகிறவளுக்கு

1. கண்ணு, வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது குனிந்தபடியே இருக்காதே, முகங்களைப் பார். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனால், குறிப்பிட்ட ஒரு வகுப்பு வந்தாலே வயிற்றுவலி என்றால், சேட்டை என்று தள்ளிவிடாதே. எங்கள் சத்துணவுக்கூட ஆயாம்மா, தட்டில் மிச்சம் விழுந்த சோற்றை வைத்தே ஒரு சிறுமியின் துயரத்தை எங்களுக்கெல்லாம் முன்னால் கண்டுகொண்டார். பிள்ளைகளைக் காப்பது பள்ளியில் சம்பளம் வாங்கும் எல்லோருடைய வேலையும்தான்.

2. ஒரு குழந்தை மெல்ல வாய் திறந்தால், திருத்திக்கொண்டிருக்கும் நோட்டை மூடிவை. நம்பிக் கேள், துருவித் துருவிக் கேட்காதே, விசாரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. "உன்மேல் தப்பில்லை, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல். அவள் சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே அன்றைக்கே எழுதிவை.

3. அதை உரியவர்களிடம் தெரிவிப்பதுதான் கடினம். "பள்ளியின் பேர் கெட்டுவிடும், நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஒரு பள்ளியில் அப்படித்தான் ஒத்திப்போட்டார்கள். கோடை விடுமுறை வந்தது. பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனாள், தவறு செய்தவர் அங்கேயே இருந்தார். பேரைக் காக்கப் போனால் பிள்ளையைத் தொலைப்போம். 18 வயதுக்கு உட்பட்டவர்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை; தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாத நிறுவனத் தலைமைக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதாலேயே உன் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் மனப்பாடம் செய்துகொள். கரும்பலகை ஓரத்திலும் எழுதிப்போடு, பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

4. உன்னிடம் சொன்ன பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறையில் உன் வாயிலிருந்து வரக் கூடாது. பரிதாபப்பட்டுக்கூட வேண்டாம்.

5. அடிக்காதே, சாதியையும் நிறத்தையும் மதிப்பெண்ணையும் சொல்லிக் குத்தாதே. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடிக்கிற டீச்சரிடம் எந்தப் பிள்ளை வந்து தன் பயத்தைச் சொல்லும்?

6. தனியாக ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்ல நேர்ந்தால் கதவு திறந்தே இருக்கட்டும். இரவில் தனிச் செய்தி அனுப்பாதே. சக ஆசிரியர் இதை மீறுவதைக் கண்டால், எத்தனை நெருங்கிய நட்பானாலும் அன்றைக்கே கேள்.