நடுங்கும் கையெல்லாம் பார்க்கின்சன் அல்ல

ஒருவர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை ஆடினால், சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: பார்க்கின்சன் வந்துவிட்டது, நரம்புத் தளர்ச்சி, இல்லாவிட்டால் வயதாகிவிட்டது. நாலாவதாக ஒன்று இருக்கிறது. நோய் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கும் நடுக்கங்களில் அதுதான் மிகப் பரவலானது என்றாலும் அதன் பெயர் பலருக்குத் தெரியாது. ‘எசென்ஷியல் டிரெமர்’ என்பது அந்தப் பெயர். பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வு, எல்லா வயதினரையும் சேர்த்து ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கும், 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கும் இது இருப்பதாகச் சொன்னது. பம்பாயில் பார்சி குடியிருப்புகளில் வீடுவீடாகப் போய் நடத்தி, 1988இல் வெளியிட்ட ஆய்விலும் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இந்த நடுக்கம் இருந்தது. பார்க்கின்சனோ 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆக, அதிகம் பேருக்கு இருப்பது ஒன்று. எல்லோரும் அஞ்சுவது வேறொன்று.

கை எப்போது நடுங்குகிறது என்று கவனித்தாலே பெரும்பாலும் இரண்டையும் பிரித்துவிடலாம். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது வரும். மடியில் கிடக்கும் கை தானாக ஆடும், ஏதாவது எடுக்கப் போனால் அடங்கும். வழக்கமாக ஒரு பக்கத்தில் தொடங்கும். கூடவே உடலில் இறுக்கமும் அசைவில் மந்தமும் இருக்கும். கையெழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். எசென்ஷியல் டிரெமர் இதற்கு நேர்மாறு. மடியில் கை அமைதியாக இருக்கும்; தண்ணீர் ஊற்றும்போதும், கரண்டியைத் தூக்கும்போதும், கையெழுத்துப் போடும்போதும் ஆடும். பொதுவாக இரண்டு கைகளிலும் வரும். எழுத்து சிறுக்காது, கோணலாகப் பெருத்துப்போகும். சிலருக்குத் தலை ஆடும், குரலும் நடுங்கும். ஹாலிவுட் நடிகை காதரின் ஹெப்பர்னின் தலையும் குரலும் ஆடியதைப் பார்த்துப் பலர் அவருக்குப் பார்க்கின்சன் என்றே நம்பினார்கள். 1993இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அவரே அதை மறுத்து, தாத்தாவிடமிருந்து வந்த நடுக்கம் இது என்றார். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நடுக்கம் உண்டு. ஆகவே, ‘அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது, இது வயதுக் கோளாறு’ என்று ஒதுக்குவது தவறு. வயது ஏற ஏற இது கூடுவது உண்மைதான். ஆனால் இருபதுகளிலும், ஏன் பள்ளி வயதிலும்கூட இது தொடங்குவதுண்டு.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தே மாறிப்போகிறது. பார்க்கின்சனுக்கு மூளையில் டோபமின் குறைவதை ஈடுகட்ட லெவோடோபா தருகிறார்கள். எசென்ஷியல் டிரெமரில் அதற்கு வேலை இல்லை. இயல்பாகவே லெவோடோபா உள்ள பூனைக்காலி விதையைப் பொடித்துக் குடிப்பதற்கும் இதே பதில்தான். இரண்டையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியுமா என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானது. பார்க்கின்சன் உள்ள சிலருக்குக் கையை நீட்டி வைத்தாலும் நடுக்கம் வரும். அரிதாக ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். அதனால்தான் 2018இல் உலக நிபுணர்கள் வகுத்த வரையறை, இரண்டு கைகளிலும் குறைந்தது மூன்று ஆண்டுகள் நடுக்கம் நீடித்து, வேறு நரம்பு நோய்க்கான அறிகுறி இல்லாவிட்டால் மட்டுமே இந்தப் பெயரைச் சூட்டச் சொல்கிறது. அதற்கு முன் தைராய்டு மிகையா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும்: ஆஸ்துமாவுக்கான சால்புடமால், வலிப்புக்கான வால்புரோயேட், மனநலத்துக்கான லித்தியம் ஆகியவையும் கையை நடுங்க வைக்கும்.

நம்மிடையே அதிகச் சேதம் செய்வது நரம்புத் தளர்ச்சி என்ற நம்பிக்கைதான். கை நடுங்கும் இளைஞரின் ஆண்மையையே சந்தேகிக்கும் விளம்பரங்களும், மாதக்கணக்கில் போடும் சத்து ஊசிகளும் அதை நம்பியே பிழைக்கின்றன. இந்த நடுக்கத்தில் கைக்குப் போகும் நரம்புகள் தளர்வதில்லை, தசையும் வலுவிழப்பதில்லை. சிறுமூளையிலிருந்து தாலமஸ் வழியாகப் பெருமூளைக்குப் போகும் தொடர்பில் சமிக்ஞைகள் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. அதுவே விநாடிக்கு நான்கு முதல் பன்னிரண்டு முறை வரை கையை ஆட்டுகிறது. ரத்தத்தில் பி12 குறைந்திருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் குறையில்லாதவருக்கு ஊசி போட்டு இந்தத் தாளத்தை நிறுத்த முடியாது.

பயப்படும்போது நடுக்கம் கூடுவதால் இது மனப் பிரச்சினை என்பாரும் உண்டு. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் எல்லோருடைய கையையும் கொஞ்சம் ஆட்டும். ஏற்கெனவே ஆடும் கையை இன்னும் ஆட்டும். அது கூடுவதற்குக் காரணமே தவிர, உண்டானதற்குக் காரணம் அல்ல. மது குடித்தால் பலருக்குச் சற்று நேரம் நடுக்கம் அடங்குவது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. ஆனால் போதை தெளியும்போது அது முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதை அடக்க மறுபடி குடிப்பது குடிநோயில்தான் கொண்டுபோய் விடும். இந்தக் கை நடுக்கத்தைப் பார்த்தே ஒருவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டுவது அவருக்குச் செய்யும் பெரிய அநீதி.

முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, ஆனால் அடக்கும் மருந்துகள் உண்டு. முதல் வரிசையில் இரண்டு: இதயத் துடிப்பைத் தணிக்கும் புரொப்ரனலால், வலிப்புக்குத் தரும் பிரிமிடோன். பலன் கிடைப்பவர்களுக்கு நடுக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. குறைந்தது மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் புரொப்ரனலாலைத் தொடக்கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களிடம் அது தாழ்சர்க்கரையின் படபடப்பை மறைத்துவிடும். பிரிமிடோன் முதல் வேளையிலேயே தலைசுற்றலும் வாந்தியும் தரக்கூடும் என்பதால் மிகக் குறைந்த அளவில், இரவில் தொடங்குவார்கள். பக்கவிளைவு இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று கேட்டால், எல்லோருக்கும் அது தேவையில்லை என்பதே பதில். சாப்பிடுவதும் எழுதுவதும் வேலையும் தடைபடாதவர் மருந்தில்லாமலே இருக்கலாம். மேடை ஏறும் நாளில் மட்டும் மருத்துவர் சொன்னபடி ஒரு வேளை புரொப்ரனலால் எடுப்பவர்களும் உண்டு. தலையும் குரலும் ஆடுபவர்களுக்கு போட்டுலினம் ஊசி உதவலாம்.

மருந்துக்கு அடங்காத கடுமையான நடுக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு. பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபிட் 1987இல் தொடங்கிய முறையில், தாலமஸுக்குள் மெல்லிய மின்முனையைப் பொருத்தி அந்தத் தாளத்தைக் குலைக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்னொரு முறையில் மண்டையைத் திறப்பதே இல்லை. எம்ஆர்ஐ வழிகாட்ட, ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவித்துத் தாலமஸின் சிறு பகுதியைச் சுட்டுவிடுகிறார்கள். 76 பேரிடம் நடந்த சோதனையில் மூன்று மாதத்தில் கை நடுக்க மதிப்பெண் 47 சதவீதம் குறைந்தது. சிலருக்கு நடையில் தள்ளாட்டமும் மரத்துப்போதலும் வந்தன. சுட்ட இடத்தை மீட்கவும் முடியாது. மின்முனையையோ நிறுத்தலாம், அளவை மாற்றலாம்.

இவை எதுவும் தேவைப்படாதவர்களுக்கும் அன்றாடத்தில் செய்யக்கூடியது நிறைய உண்டு: டம்ளரை அரைவாசி நிரப்புவது, தடித்த பேனா, கனமான கரண்டி, காபியைக் குறைப்பது. வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் முதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உடல்நலக் குறைவால் கையெழுத்திட முடியாத வாடிக்கையாளரின் கைரேகையை ஏற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கியின் விதிமுறை இடம் தருகிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும்.