பெங்களூரில் விடிந்த முகூர்த்தம்: ஆரணி வாசகருக்கு ஒரு கடிதம்

போளூர்

அன்புள்ள ஆரணி நண்பருக்கு,

உங்கள் கடிதமும், கூடவே வைத்திருந்த புகார் மனுவின் நகலும் கிடைத்தன. மனுவை ஒரு வரி மாற்றாமல் அச்சிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. தபாலில் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் இறங்க வேண்டியவர்கள் வேறு ஊரில் இறங்கித் தவிப்பது இப்போது நம் பக்கத்துக் குடும்பங்களிலும் நடக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

தாய்மாமன் வராமலே அக்கா மகள் கழுத்தில் தாலி ஏறியதை இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நீங்களே நிறம் சொல்லி, கரை சொல்லி, உங்கள் வீட்டுத் தறியில் நெய்த பட்டு, சீர்த்தட்டில் வேறொருவர் கையால் போனது. பம்பாயில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு, முதல் நாள் இரவு எட்டரைக்குச் சென்னை, நள்ளிரவுக்குப் போளூர், விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம் என்று சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தீர்கள். சென்னையில் இடிமழை. விமானம் பெங்களூருக்குத் திரும்பியது. இரவு இரண்டு மணி வரை உள்ளேயே உட்கார வைத்தார்கள். பிறகு விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். விமானத்தின் வாசலில் நின்று கேப்டனைப் பார்த்துக் கத்தினேன் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் யாரையாவது பார்த்துக் கத்தத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த மனிதரைப் பார்த்து அல்ல என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

மனுவின் முதல் பத்தியில், "எங்களுக்குப் பத்து நிமிடம் பின்னால் வந்த விமானம் சென்னையில் இறங்கிவிட்டது, எங்கள் விமானி பயந்து திரும்பிவிட்டார்" என்கிறீர்கள். பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் மாறும் என்று பாருங்கள். இடிமேகம் ஊர் முழுக்க ஒரே சீராக நிற்பதில்லை. ஓடுதளத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது சிறிது நேரத்தில் போரூர்ப் பக்கம் நகர்ந்துவிடும். பின்னால் வந்தவருக்குக் கிடைத்த இடைவெளி முன்னால் வந்தவருக்குக் கிடைத்திருக்காது. எரிபொருள் கணக்கும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு விமானம் கிளம்பும்போது, போய்ச்சேரும் ஊர் வரைக்குமான எரிபொருள், அதன்மேல் சிறிது உபரி, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்குப் போவதற்கானது, அதற்கும் மேலே 30 நிமிடம் பறப்பதற்கான கடைசிக் கையிருப்பு என்று அடுக்கடுக்காக நிரப்புகிறார்கள். அந்தக் கடைசி 30 நிமிடத்தில் கைவைக்க நேரும் என்று தெரிந்தால் விமானி 'மேடே' என்று அபாயக் குரல் கொடுத்தாக வேண்டும். நீங்கள் சென்னைக்கு மேலே வட்டமடித்த அரை மணி நேரமும் உங்கள் கேப்டன் பெங்களூருக்கான எரிபொருளைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத் தொட வேண்டிய நேரம் வந்ததும் திரும்பிவிட்டார். திரும்பியதற்குப் பயம் காரணமில்லை, அந்தக் கணக்குதான் காரணம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மழையும் மேகமும் மறைக்கும்போது, கருவிகளின் துணையோடு இறங்கும் சாதாரண முறையில், தரைக்கு 200 அடி உயரம் வரைதான் கருவியை நம்பி வரலாம். அந்த உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ விமானியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். நம் திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. அந்தக் கோபுரக் கலசத்தைவிடத் தாழ்வான உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருக்க, இறங்குவதா ஏறுவதா என்று ஒருவர் தீர்மானிக்கிறார். அவருக்குப் பின்னால் நூற்றெண்பது பேர், அவரவர் கல்யாணம், காரியம், வேலை என்ற நினைப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃபெஞ்சல் புயல் வந்த 2024 நவம்பர் 30 அன்று எடுத்த ஒரு காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பம்பாயிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று சென்னை ஓடுதளத்தைத் தொடப்போகும் நேரத்தில் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அடுத்த கணமே மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுகிறது. பார்த்தவர்கள் பதறினார்கள். எனக்கு அந்த மேலேறிய கணத்தைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. 'கோ அரவுண்ட்' என்று அதைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு விமானியும் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகும் வேலை அது. அன்று சென்னை விமான நிலையத்தையே மறுநாள் அதிகாலை வரை மூடினார்கள். அந்த மழைதான் டிசம்பர் 1 அன்று அண்ணாமலையார் மலைச்சரிவில் மண்ணும் பாறையுமாக இறங்கி ஏழு பேரைப் புதைத்தது. மழையின் வலு நமக்குத் தெரியாததல்ல.

திரும்பாமல் இறங்கிய ஒரு விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். நல்ல மழை. கேப்டன் விமானப்படையில் பணியாற்றிய, நீண்ட அனுபவமுள்ள மனிதர். முதல் முயற்சியில் இறங்காமல் மேலேறினார். இரண்டாம் முறை எதிர்த்திசையிலிருந்து, முதுகுக்காற்றோடு வந்தார். 8,858 அடி ஓடுதளத்தில் ஏறத்தாழ பாதி தூரம் கடந்தபிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. நிற்க இடமில்லை. மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்து உடைந்தது. 19 பயணிகளும் இரண்டு விமானிகளுமாக 21 பேர் இறந்தார்கள். பக்கத்து ஊரான கொண்டோட்டிக்காரர்கள் மழையையும் நோய்த்தொற்றையும் பார்க்காமல் ஓடிவந்து மற்றவர்களைத் தூக்கினார்கள்.

அந்த விபத்தின் விசாரணை அறிக்கை 2021இல் வெளிவந்தது. வேறு ஊருக்குப் போகும் அளவுக்கு எரிபொருள் இருந்தது. மேலே ஏறிவிடும்படி துணை விமானி குரல் கொடுத்தும் தரையிறக்கம் தொடர்ந்தது. ஏன்? மறுநாள் காலை அதே கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தைக் கேப்டன் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த நிலையத்தில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் நியமிக்கப்பட்டிருந்தார் என்கிறது அறிக்கை. வேறு ஊரில் இறங்கினால் காலை விமானம் கெடும் என்ற நினைப்பு அவரை இழுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து என் மனதில் ஒன்று தங்கிவிட்டது. போயே ஆக வேண்டும் என்ற நினைப்பு பயணிகளான நமக்கு மட்டும் உள்ளதல்ல, விமானி அறைக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. நிறுவனம் அதற்குத் தீனி போடக்கூடாது. நாமும் போடக்கூடாது. திரும்பினால் வாசலில் நூறு பேர் நின்று ஏசுவார்கள் என்ற எண்ணம் 200 அடி உயரத்தில் ஒரு விமானிக்கு ஒரு நொடிகூட வரக்கூடாது. உங்கள் கூச்சல் அந்த ஒரு கேப்டனோடு முடிந்துவிடும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். பக்கத்தில் நின்ற இளம் துணை விமானியும் அதைக் கேட்டிருப்பார்.

எரிபொருள் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலும் ஒரு துயரக் கதை உண்டு. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் மோசமான வானிலை. கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியான்கா விமானத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே காக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 'அவசரநிலை' என்ற அந்த ஒரு சொல்லைக் கட்டுப்பாட்டு அறைக்கு விமானிகள் அழுத்திச் சொல்லவே இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள்.

உங்களுக்குத் தெரிந்த தொழிலிலேயே பாருங்கள். பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும் நேரத்தில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தால், முகூர்த்தப் புடவை என்று கடைக்காரர் எத்தனை நெருக்கினாலும் உங்கள் வீட்டுப் பெரியவர் என்ன செய்வார்? சுருட்டு என்பார். ஒரு சொட்டு விழும்வரை பார்க்கலாம் என்று அவர் நிற்பதில்லை. அங்கே போவது பட்டு மட்டும்தான்.

நான்காம் பத்திக்கு வருகிறேன். "வானம் தெளிந்தபிறகு, பணி நேரம் முடிந்தது என்று விமானி இறங்கிப் போனார், மனசாட்சி இல்லாதவர்" என்கிறீர்கள். 2023 ஜூன் 25 அன்று லண்டனிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்திலும் இதேதான் நடந்தது. மழையால் ஜெய்ப்பூரில் இறங்கினார்கள். டெல்லி தெளிந்தும் விமானிகளின் பணி நேரம் முடிந்துபோனதால் பயணிகள் மணிக்கணக்கில் தவித்தார்கள். சிலர் சாலை வழியாகவே டெல்லிக்குப் போனார்கள். அவர்கள் பட்ட பாடு பெரிதுதான். ஆனால் அந்த நேர வரம்பு விமானியின் விருப்பம் அல்ல, சட்டம். தூக்கம் கெட்ட கண், இரவு இரண்டு மணி, திரும்பவும் மழை வரக்கூடிய சென்னை: அந்த நிலையில் 'நான் ஓட்டுகிறேன்' என்று சொல்லும் விமானியைக் கண்டுதான் நாம் பயப்பட வேண்டும். விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனதே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகுதான். மாற்று விமானிகளை ஏற்பாடு செய்யவேண்டியது நிறுவனம். 2024 ஜனவரி 14 அன்று டெல்லியில் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமான கோவா விமானத்தில், தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த துணை விமானியைப் பயணி ஒருவர் ஓடிவந்து அடித்தார். முந்தைய குழுவின் நேரம் முடிந்ததால் மாற்றாக வந்தவர் அவர் என்று செய்திகளில் வந்தது. அந்தப் பயணிகளை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வந்தவருக்குத்தான் அடி விழுந்தது. பயணியின் வாய்த்துடுக்குக்கு 3 மாதம் வரை, கைநீட்டினால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 வருடமும் அதற்கு மேலும் பறக்கத் தடை என்று விதி இருக்கிறது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. நீங்கள் கைநீட்டுகிறவர் அல்ல.

ஆனால் தரையில் உங்களை இறக்காமல் உட்கார வைத்ததைப் பற்றிய இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் நியாயமானவை. அவை இன்னும் ஓங்கி ஒலிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கே உங்களை இறக்கிவிட்டிருந்தால், வாடகைக் காரில் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாக விடியற்காலை நாலு மணிக்குப் போளூரில் இருந்திருப்பீர்கள். முகூர்த்தம் உங்கள் கையை விட்டுப் போனது வானத்தில் அல்ல, பெங்களூர்த் தரையில். பெட்டிகள் அடியில் இருக்கின்றன, மழை விட்டால் உடனே கிளம்ப வேண்டும், ஒருவர் இறங்கினால் பாதுகாப்புச் சோதனையும் தலைக்கணக்கும் மறுபடி நடக்க வேண்டும் என்று நிறுவனம் காரணம் சொல்லும். முதல் ஒரு மணி நேரத்துக்கு அது சரி. நாலு மணி நேரத்துக்குச் சரியில்லை. டெல்லியில் அந்த அடி விழுந்த அதே சமயத்தில், மூடுபனியால் பம்பாய்க்குத் திருப்பப்பட்ட இன்னொரு விமானத்தின் பயணிகள் விமானம் நிற்கும் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அந்த விமான நிறுவனத்துக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம். விமான நிலையத்துக்கும் தனியாக அபராதம் விழுந்தது. அதன்பின் 2024 மார்ச்சில், ஏறிய பிறகு நீண்ட தாமதம் ஆனால் பயணிகளை இறக்கி, புறப்பாட்டு வாசல் வழியாகவே வெளியே அனுப்பலாம் என்று விமானப் பாதுகாப்பு அமைப்பு வழிகாட்டுதல் கொடுத்தது. உங்கள் மனுவில் அந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, ஏன் பின்பற்றவில்லை என்று கேளுங்கள். வானிலையால் வரும் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் தண்ணீரும் சாப்பாடும் தகவலும் இழப்பீட்டில் சேராது. அவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மனது வைத்தால் தரையில் எதுவும் நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது அரக்கோணத்துக் கடற்படைத் தளத்தைத் திறந்து, பேருந்தில் ஆட்களைக் கொண்டுபோய்ப் பயணிகள் விமானங்களை ஓட்டினார்கள்.

நானும் ஒருமுறை டெல்லியிலிருந்து வரும்போது மழையால் பெங்களூரில் இறங்கியிருக்கிறேன். விமானம் நின்ற ஐந்தாவது நிமிடம் கேப்டன் அறையைவிட்டு வெளியே வந்தார். ஒலிபெருக்கியில் பேசவில்லை, நடைவழியில் நின்று பேசினார். எத்தனை சுற்று சுற்றினோம், ஏன் திரும்பினோம், எரிபொருள் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும், தன் பணி நேரம் எத்தனை மணிக்கு முடியும் என்று எல்லாவற்றையும் சொன்னார். "பன்னிரண்டே காலுக்குள் கிளம்ப முடியாவிட்டால் என்னால் ஓட்ட முடியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். கோபமாக எழுந்த ஒருவர் உட்கார்ந்துவிட்டார். சிலர் வீட்டுக்குப் போன் செய்து வேறு ஏற்பாடு சொன்னார்கள். உங்கள் கேப்டனும் அப்படி வந்து பேசியிருக்க வேண்டும். அவரிடம் எனக்கு உள்ள ஒரே குறை அதுதான். அதை மனுவில் தாராளமாக எழுதுங்கள்.

ஆக, முதல் பத்தியையும் நான்காம் பத்தியையும் எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் நேரம், வாயில் எண், கேட்டது, கிடைத்த பதில் என்று விரித்து எழுதி அனுப்புங்கள். வரும் இதழில் முழுதாகப் போடுகிறேன். ஒன்றிய அரசின் ஏர்சேவா தளத்திலும் அதையே பதிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பதில் வந்தால் அதையும் அச்சிடுவேன்.

தலைப்பொங்கல் சீரை உங்கள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று அக்கா மகள் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். போளூருக்கு வரும் அன்று வீட்டுக்கும் வாருங்கள். அந்தப் பட்டை அவள் உடுத்தி வந்தால் என் மனைவியும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உங்கள் போளூர்க்காரன்