கடலுக்குப் போனவர் திரும்பவில்லை

விழிஞ்ஞம், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். 2017ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. விழிஞ்ஞம், பூந்துறை, கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களில் இருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. சிலருடைய உடல் கிடைத்தது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதும். அதுவரை குடும்பம் எப்படி வாழும்? ஒக்கியின்போது கேரள அரசு 7 ஆண்டு காத்திருக்கவில்லை. காணாமல் போனவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் உதவி அறிவித்தது.

"போலீசில் எழுதிக் கொடுத்தால், அவர் இறந்துவிட்டார் என்று நானே சொன்னது போல ஆகாதா?" என்று மனைவி தயங்கலாம். அப்படி ஆகாது. புகார் என்பது "அவரைத் தேடுங்கள்" என்று கேட்கும் தாள். அவர் எந்த நாளில், எந்தப் படகில், யாருடன் போனார் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. புகாரின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் இறந்தால்

21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். விழிஞ்ஞத்தில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் மாநகராட்சி அலுவலகம். கிராமங்களில் ஊராட்சி அலுவலகம். மருத்துவமனையில் இறந்தால், மருத்துவமனையே தகவல் அனுப்பும். 21 நாள் கடந்தால் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டு கடந்தால் மேல் அதிகாரியின் உத்தரவும் வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினாலும் உடனே திருத்தக் கேட்க வேண்டும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இதற்குத் தாசில்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிப் பணம், காப்பீடு, நலநிதி கேட்கும்போது இந்தச் சான்றிதழ்கள் தேவைப்படும்.

தேவையில்லாமல் மூலத் தாளை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. பல இடங்களில் நகல் கொடுத்தால் போதும். மனு கொடுத்தால் எண்ணும் தேதியும் போட்ட ரசீது வாங்க வேண்டும்.

கடலுக்குப் போகும் முன்பே அட்டைகளின் நகலை வீட்டில் வைப்பது நல்லது. அது கெட்ட சகுனம் அல்ல. வீட்டில் இருப்பவர்களுக்குக் காவல்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுத் தாள்கள் எங்கே இருக்கின்றன?
2. எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா?