பார்வையைக் காக்கும் இழைமணிகள்

நுழையும்முன்

நோய் வந்தால் வலி உணர்த்திவிடும் என்று நம்புகிறோம். வலியேதும் இன்றி, உரியவர் அறியாமலேயே பார்வையைக் கவர்ந்துகொள்ளும் நோயும் உண்டு. அதனைத் தடுக்கும் வழியை அறிவியல் இன்று உயிரணுவின் உள்ளே தேடுகிறது.

கண் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா, பார்வை நரம்பைச் சிதைப்பது. விழித்திரை பெறும் காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் அந்நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் உள்ளன. இந்நோயில் அவை படிப்படியாக அழிகின்றன. பெரும்பாலும் பக்கப்பார்வையே முதலில் மங்குகிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்கிறது. ஆதலால் இழப்பு நெடுநாள் தெரிவதில்லை. இழந்த பார்வையை மீட்கும் மருத்துவமும் இன்றுவரை இல்லை.

அழுத்தம் மட்டுமா காரணம்?

கண்ணினுள் சுரக்கும் நீர்மம் வடியாமல் தடைப்பட்டால் அழுத்தம் உயரும். சொட்டு மருந்து, லேசர், அறுவை மருத்துவம் ஆகியவை அவ்வழுத்தத்தைக் குறைக்கின்றன. எனினும், அழுத்தம் இயல்பாக உள்ள சிலருக்கும் இந்நோய் வருகிறது. அழுத்தம் குறைந்த பின்னும் சிலருக்குப் பார்வை குன்றுகிறது. ஆகவே, நரம்பணுவையே வலுப்படுத்த இயலுமா என்னும் வினா எழுந்தது.

உயிரணுவின் ஆற்றல் நிலையம்

மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணிகள், உணவுச்சத்திலிருந்து உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்கித் தருகின்றன. கண்ணுக்குள் அமைந்த நரம்பிழைப் பகுதிக்கு மயலின் உறை இல்லை. உறையற்ற இழை செய்தியைக் கடத்த மிகுந்த ஆற்றல் தேவை. எனவே அங்கு இழைமணிகள் செறிந்துள்ளன. அவை தளர்ந்தால் நரம்பணு அழுத்தத்தைத் தாங்கும் திறனை இழக்கிறது.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட் வில்லியம்ஸ், சைமன் ஜான் முதலியோர், மரபுவழியாக இந்நோய் தோன்றும் சுண்டெலிகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். முதுமையில் விழித்திரையில் என்.ஏ.டி. என்னும் மூலக்கூறு குறைவதையும் இழைமணிகள் சீர்கெடுவதையும் கண்டனர். அம்மூலக்கூறு உருவாக உதவும் நிகோடினமைடு வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். அதனை மிகுந்த அளவில் அளித்தபோது 93 விழுக்காட்டுக் கண்களில் நரம்புச் சிதைவு தோன்றவில்லை.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

சுண்டெலியில் கண்ட பயன் மனிதரிடமும் கிட்டும் என்று உடனே துணிதல் ஆகாது. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், நோயாளர் சிலரின் விழித்திரைச் செயல்பாடு மேம்பட்டது. ஆயினும், நெடுங்காலம் பார்வையைக் காக்குமா என்பதைப் பெரிய ஆய்வுகளே உறுதிப்படுத்த வேண்டும். அளவு மிகுந்தால் இம்மருந்து கல்லீரலைத் தாக்கக்கூடும். மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது. நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும் உரிய காலத்தில் கண்களைச் சோதித்துக்கொள்வதே இன்று நம் கையிலுள்ள காப்பு.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தின் மூத்தோர் இறுதியாக எப்போது கண் பரிசோதனை செய்துகொண்டனர் எனக் கேட்டறிந்து, அதன் இன்றியமையாமையை அவர்களுக்கு எடுத்துரைக்க.