பனங்காடையும் நம் கேமராவும்

சங்கக் குடும்பங்களில் கேமரா இல்லாத வீடு இன்று இல்லை. கைப்பேசியிலேயே அது வந்துவிட்டது. பிள்ளைகளோடு பறவை, மரம், ஏரி என்று படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன கேமரா வாங்கலாம்?" என்பதே. அதைக் கடைக்காரர் சொல்வார். கேமராவைத் தூக்குவதற்கு முன் மனம் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாடத்துக்கு ஒரு பறவையை எடுத்துக்கொள்வோம். ஹப்சிகுடாவிலிருந்து உப்பல் தாண்டி, வரங்கல் சாலையில் கட்கேசர் பக்கம் காலையில் போனால், வயலோர மின்கம்பியில் பழுப்பாக, சற்றுத் தலை பெருத்து, தனியாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். தெலுங்கில் பாலபிட்ட, தெலங்கானாவின் மாநிலப் பறவை. தமிழில் பனங்காடை. தசராவன்று இதைக் கண்ணால் பார்ப்பது நல்லது என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை.

முதல் கால் மணி நேரம் படம் எடுக்காதீர்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். பறவை தரையில் விழும், பூச்சியைக் கவ்வும், பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். விழும் அந்த ஒரு கணம் சிறகு விரிய, அவ்வளவு நேரம் பழுப்பாக இருந்தது நீலமாகிவிடும். முதன்முறை பார்க்கும் குழந்தை கட்டாயம் கத்தும். கத்தட்டும்.

இப்போது உங்களையே கேளுங்கள்: என்னைத் தொட்டது எது? அந்த நீலமா? கம்பியில் தனியே காத்திருக்கும் பொறுமையா? இரண்டும் ஒரே படத்தில் வராது. பொறுமைதான் என்றால் பறவையைச் சிறிதாக ஓர் ஓரத்தில் வைத்து, வானத்தை நிறைய விடுங்கள். இதற்குக் கைப்பேசியே போதும். நீலம்தான் என்றால், ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடிக்குக் கொண்டுபோய், அது திரும்பி வரும் இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். உணர்ச்சி முதலில், எண்கள் பிறகு. எண்களை முதலில் வைத்தால் படம் கூர்மையாக வரும், ஆனால் யாருடைய படமாகவும் இராது.

"உள்ளுணர்வு என்கிறீர்களே, அது பிறவியில் வருவதல்லவா?" என்று கேட்கலாம். நம்மவரான மா. கிருஷ்ணனை (1912–1996) நினைத்துப் பாருங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1950 முதல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். தம் கட்டுரைகளுக்குத் தாமே சித்திரமும் வரைவார். பத்மஸ்ரீ பெற்றார். வண்ணப் படச்சுருள் கிடைத்த காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளைத் தேடிப் போனார். யானை அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்தது மந்திரத்தால் அல்ல, பார்த்துப் பார்த்துத்தான். கையால் வரைந்து பழகிய கண் எதை விட வேண்டும் என்பதையும் அறிந்திருக்கும். உள்ளுணர்வு என்பது பலநாள் பார்த்ததன் சேமிப்பு என்பதே என் கருத்து.

சேமிப்பில்லாத உணர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மருதாணிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டி இரண்டு குஞ்சுகள் பொரித்திருந்தது. மனம் நெகிழ்ந்துதான் போனேன். வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு கிளைகளை ஒடித்து விலக்கிவிட்டுப் படம் எடுத்தேன். மறுநாள் கூடு காலி. காகத்தின் வேலை என்றார்கள் வீட்டில். காகத்துக்கு வழி திறந்தவன் நான். படம் நன்றாகவே வந்திருந்தது. இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

ஆகவே கூட்டின் அருகே போக வேண்டாம். தசரா சமயத்தில் பாலபிட்டவைக் கூண்டில் அடைத்துக் காசுக்குக் காட்டுவோரிடமும் போக வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். தவிரவும், சிறகு விரிக்க இடமில்லாத பறவையிடம் அந்த நீலம் எங்கிருந்து வரும்?

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், பறவையின் பெயர் தமிழிலும் தெலுங்கிலும், பார்த்தபோது மனதில் பட்டது ஒரு வரி; படம் கிடைக்காத நாளிலும் எழுத வேண்டும். எங்கள் வீட்டு நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "கட்கேசர். காலை ஏழு மணி. பனங்காடை, பாலபிட்ட. மூன்று தடவை விழுந்தது. மூன்றாம் தடவை அப்பா தும்மிவிட்டார். படம் இல்லை."