வாரியக் குடியிருப்பைக் காலி செய்யுமுன்

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, மக்கள் வெளியேறிய சற்று நேரத்தில் சரிந்து விழுந்த காட்சி எவர் நெஞ்சைவிட்டும் அகலாது. அத்தகைய சிதிலமான கட்டடங்களை இடித்துப் புதிதாய்க் கட்டி முடிக்கும் வரை வெளியே வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு, முன்பு 8,000 ரூபாயாக இருந்து பின்னர் 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட கருணைத் தொகை உண்டு. அது சிரமமின்றிக் கைசேரச் சில யோசனைகள்:

● தகரப் பெட்டியின் அடியில் மடிப்புக் கிழிந்து கிடக்கும் ஒதுக்கீட்டு ஆணையே பிரதான ஆதாரமாதலால், அதை இன்றே எடுத்து இரண்டு நகல்கள் எடுத்து வையுங்கள்.

● ஆணையில் காலஞ்சென்ற தந்தையின் பெயர் இருப்பின், வாரிசுச் சான்றிதழுடன் வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்திற்கு உடனே மனுச் செய்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

● ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாய் உள்ளனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

● வாரியம் குடும்பங்களைக் கணக்கெடுக்கும் நாளில் குடும்பத்தில் ஒருவராவது வீட்டிலிருங்கள்.

● காசிமேட்டு மீனவர்களே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் நிவாரணம் வேறு, இந்தத் தொகை வேறு. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்றைக் கேளாமல் விடாதீர்கள்.

இந்தக் கருணைத் தொகை உங்கள் நியாயமான உரிமை. எந்தத் தரகருக்கும் ஒரு காசும் தரவேண்டியதில்லை.